முழுக்கை அங்கி

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு கடிதத்தை என் கையில் கொடுத்தீர்கள். புதிதாக வந்திருக்கும் உதவிச் சாமியாரைப் பற்றி ஆயருக்கு எழுதிய கடிதம், வாசித்தும் காட்டினீர்கள். ஜீன்ஸ் போடுகிறார், பனியன் மாதிரி ஒரு சட்டையில் பைக்கில் சுற்றுகிறார், அங்கியைப் பூசைக்கு மட்டும் மாட்டுகிறார், தாடியைச் சினிமாக்காரர்கள் மாதிரி ஒதுக்கியிருக்கிறார், மொத்தத்தில் பார்த்தால் சாமியார் மாதிரியே இல்லை. அழகான கையெழுத்து. கீழே உங்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கண்ணாடி பைக்குள்தான் இருந்தது.

அறுபதைத் தாண்டிய நமக்குள் எதற்குப் பொய். ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று நேரில் சொல்லியிருந்தால் பாதியில் எழுந்து போயிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. குன்றக்குடி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் செம்மண்ணில் நடந்தால் எங்கள் ஊர். ஊரில் பெரும்பாலும் முருகனைக் கும்பிடுகிற, விவசாயம் பார்க்கிற சம்சாரிக் குடும்பங்கள். வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் நாங்கள், அறுபது வீடு, கண்மாய்க்குக் கிழக்கே. அப்பா காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரி போகிற பஸ்ஸில் கண்டக்டர். அம்மா வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தாள். ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாவாடை, கோயிலுக்குப் பீடத்துணி, சாமியாருக்கு அங்கி எல்லாம் அவள் தைத்ததுதான்.

முதலில் இருந்த சாமியார் குட்டையாக, தொப்பையாக, நல்ல கறுப்பாக இருப்பார். கட்டம் போட்ட கைலியும் ஓட்டைப் பனியனும்தான் எப்போதும். கிணற்று மோட்டார் கெட்டுப்போனால் ஊரே அவரைத்தான் கூப்பிடும். ஒருநாள் விவசாய ஆபீஸிலிருந்து வந்த ஒருவர், மோட்டாருக்குள் தலையை விட்டிருந்தவரிடம், "சாமியார் இருக்காராப்பா?" என்று கேட்டார். "இருக்காரு. செத்த இருங்க, கை கழுவிட்டுக் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அங்கியை மாட்டிக்கொண்டு வந்து, "சொல்லுங்க" என்றாராம். ஊர் சிரித்தது. ஆனால் எங்கள் உபதேசியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

உபதேசியார் என்றால் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், சாமியார் இல்லாத நாளில் செபம் சொல்பவர். எங்கள் உபதேசியார் ஒல்லியாக, நேராக, இஸ்திரி போட்ட ஜிப்பாவோடு இருப்பார். "மடத்துச் சாமிக்குக் காவி இருக்கு, உத்திராட்சம் இருக்கு. பாத்ததும் பிற மதத்தான்கூடத் துண்டை இடுப்புல கட்டுறான். நம்ம சாமியாரப் பாத்து மோட்டார் மெக்கானிக்கான்னு கேக்குறான். இது யாருக்கு அவமானம்?" என்பார். அறுபது வீட்டுக்கும் போய்க் கையெழுத்து வாங்கினார். அப்பாவும் போட்டார். அங்கியை மதிக்கிற ஒரு குருவானவரைத் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. நான்தான் அந்தக் காகிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பொடி எழுத்து அவருக்குத் தெரியவில்லை.

கேட்டபடியே வந்தார் புதுச் சாமியார்.

தவக்காலம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால், அப்பாவின் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். உயரம், மாநிறம், தூக்கி வாரிய தலைமுடி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை பொத்தான் போட்ட வெள்ளை அங்கி. கை மணிக்கட்டைத் தாண்டி வந்து விரல் கணுக்களைத் தொட்டது. காலில் சாக்ஸ், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஒரு மைல் புழுதியில் நடந்து வந்தும் ஒரு பொத்தானைக்கூட அவர் கழற்றவில்லை. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு, "தோத்திரம் சாமி" என்று முழங்கால் போட்டார்கள். கண்மாய்க்கரையில் மாடு பத்திக்கொண்டு போன சம்சாரிகள்கூட நின்று கும்பிட்டார்கள். உபதேசியார் முகத்தில் அன்றைக்கு இருந்த பூரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"இதுதான் குருவானவர். பாத்தாலே பாவம் செய்யத் தோணாது" என்றார் அம்மாவிடம்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. குன்றக்குடிக்குப் பங்குனி உத்திரத்துக்குப் போகிறவர்கள் காவடியோடு ரோட்டில் போகிற காலம். அந்த வெயில் உங்களுக்குத் தெரியும். நாய்கூட நிழலை விட்டு நகராது. அந்த வெயிலில் சாமியார் முழுக்கை அங்கியும் ஷூவுமாக வீடு சந்திக்கப் போவார். கழுத்துப்பட்டை வேர்வையில் ஊறிப் பழுப்பாக இருக்கும். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், காற்றாட உட்காரச் சொன்னால் மாட்டார். ஊர் அதைத் தவம் என்று எடுத்துக்கொண்டது.

ஒருநாள் அம்மாவிடம் புது அங்கி தைக்க வந்தார். அளவெடுக்க விடவில்லை. பழைய அங்கி ஒன்றை அளவுக்குக் கொடுத்தார். கூடவே துணியும் கொண்டுவந்திருந்தார். அம்மா அதை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"இது மெத்தை உறைக்குப் போடுற துணி மாதிரில்ல இருக்கு சாமி. மெல்லிசா எடுத்தா வெயிலுக்குத் தாங்கும். இதப் போட்டுக்கிட்டு எப்படி இருப்பீக?"

"இருக்கட்டும்மா. கெட்டியாவே தைச்சுருங்க. கை மட்டும் இன்னும் ரெண்டு இஞ்ச் நீளமா விடுங்க."

அவர் போனபிறகு அம்மா அந்தப் பழைய அங்கியை உள்பக்கம் புரட்டினாள். கையின் உட்புறமும் கழுத்தும் எண்ணெய்க் கறை ஏறிக் காவியடித்திருந்தன. மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு மெஷினை ஓட்டாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. நாட்டு வைத்தியர் காய்ச்சுற எண்ணெய் வாசம்" என்றாள். எங்கள் பெரியம்மா வீட்டுக்குப் போனால் அந்த வாசம்தான் அடிக்கும். பெரியம்மா புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். ஏன் திரும்பி வந்தாள் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் உச்சிவெயிலில்கூட முந்தானையால் கையைப் போர்த்திக்கொண்டுதான் இருப்பாள்.

அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. சொன்னது நான்.

அங்கி தைத்து முடிந்ததும், மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். சாமியார் பங்களாவின் முன்கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் தண்ணீர் இறைக்கிற சத்தம். சுற்றிக்கொண்டு போனேன். கிணற்றடியில், இடுப்பில் துண்டோடு நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். முதுகு, தோள், இரண்டு கை, பாதம், எங்கும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பால் கொட்டியது மாதிரி. ஓரமெல்லாம் வளைந்து நெளிந்து, பள்ளிக்கூடத்தில் தொங்குகிற தேசப்படத்தில் தீவுகள் இருக்குமே, அப்படி. எனக்குப் பயமே வரவில்லை. அழகாக இருந்தது என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்ததும் காய்ந்துகொண்டிருந்த வேட்டியைக் கொடியிலிருந்து பிடுங்கித் தோளைப் போர்த்திக்கொண்டார். ஒரு பெரிய மனுஷன் ஒரு சிறுபிள்ளையைப் பார்த்து அப்படிப் பதறியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அந்தக் கல்லு மேல வச்சுட்டுப் போம்மா" என்றார். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஞானோபதேச வகுப்பு. அந்த வருஷம் பாஸ்குத் திருநாளான ஈஸ்டரில் புதுநன்மை, அதாவது முதல் தடவையாகத் திருவப்பம், வாங்கப்போகிற எட்டுப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பக்கத்தில் உபதேசியாரின் பேத்தி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மட்டும் ஒரு மரப்பெட்டி நிறையக் கலர் பென்சில் உண்டு, எனக்கு எதுவுமில்லை. அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று காட்ட எனக்கு ஆசை.

"சாமி உடம்புல தேசப்படம் இருக்கு. நான் பாத்தேன்" என்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. என் வாயில் தேசப்படமாகக் கிளம்பியது, ஊர் வாயில் குஷ்டமாகத் திரும்பி வந்தது. இப்போது வெண்புள்ளி என்கிறார்கள். அப்போது அதற்கு ஊரில் இருந்த ஒரே பேர் வெண்குஷ்டம். அந்தப் பேருக்குள்ளேயே பயம் இருக்கிறதே, யாரைக் குறை சொல்ல?

அம்மா என்னை அடிக்கவில்லை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடி, "நீதான் சொன்னியா?" என்று ஒரு தடவை கேட்டாள். தலையாட்டினேன். திரும்பிக்கொண்டாள். அடித்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு, நன்மை வாங்குகிற நேரம். அந்தக் காலத்தில் பீடத்துக்கு முன்னால் மரக் கிராதியில் வரிசையாக முழங்கால் போட்டு, கண்ணை மூடி நாக்கை நீட்டுவோம். சாமியார் ஒவ்வொரு நாக்கிலும் அப்பத்தை வைத்துக்கொண்டே போவார். எப்போதும் மூன்று வரிசை வரும். அன்றைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். மீதிப் பேர் பின்னால் தலையைக் குனிந்து நின்றார்கள். சாமியார் பாத்திரத்தோடு கிராதி ஓரத்தில் காத்திருந்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்தபிறகும் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் பீடத்துக்குத் திரும்பினார்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: "இது தொத்தாது. தோலு நெறம் மாறுது, அம்புட்டுத்தான். நான் தெனமும் பாக்குறவ சொல்றேன்." நர்ஸம்மாவுக்கு முன்னால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

உபதேசியார் மட்டும் பதில் சொன்னார். "தொத்துதோ தொத்தலையோ, பலிபீடத்துல நிக்கிறவர் உடம்புல கறை இருக்கக் கூடாது. அது அந்தக் காலத்துலயே உள்ள விதி. அத மறைச்சுக்கிட்டு வேற வந்திருக்காரு. அங்கிய மதிக்கிறவர்னு நெனச்சோம். ஒளிஞ்சுக்கிறதுக்குல்ல போட்டிருக்காரு."

அவர் கெட்டவர் இல்லை. மூன்று மைல் நடந்து போய்ச் சாகக் கிடக்கிறவர்களுக்குச் செபம் சொன்னவர். தான் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒன்று தன்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்தார். அந்தக் கோபம்தான் அது என்று இந்த வயதில் எனக்குப் புரிகிறது. அப்போது அவரைக் கண்டாலே ஓடிவிடுவேன்.

பெரிய புதன்கிழமை, புதுநன்மைப் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். எட்டில் நான்கு பேரை வீட்டில் அனுப்பவில்லை. நான் போனேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மரச் சல்லடைக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் நான். பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். பொய் சொன்னேன், மாங்காய் திருடினேன், தம்பியைக் கிள்ளினேன். அதோடு நின்றுவிட்டது. அவரும் காத்திருந்தார். சல்லடை வழியாக அந்த எண்ணெய் வாசம் வந்தது.

"உங்களப் பத்தி நான்தான் சொன்னேன் சாமி."

வெளியே எங்கோ காவடிக்காரர்களின் மேளம் கேட்டது.

"பாத்ததத்தானே சொன்ன?"

"ஆமா சாமி."

"கூட்டிச் சொன்னியா?"

"இல்ல சாமி. தேசப்படம்னுதான் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா, வேறெதுவுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தேசப்படம்னு என்கிட்ட யாரும் சொன்னதில்ல" என்றார். பிறகு, "இருபது வருசமா நான் மறைச்சுக்கிட்டு வாரேன். நீ ஒரு நாளு பாத்துட்ட. இது உன் பாவக் கணக்குல வராதும்மா. மாங்காய்க்கு மட்டும் மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு."

மறுநாள் பெரிய வியாழன். அன்று சாயங்காலப் பூசையில், இயேசு தன் சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் பன்னிரண்டு ஆண்களின் காலைக் கழுவித் துடைப்பது வழக்கம். பன்னிரண்டு பேரையும் முன்பே உபதேசியார் எழுதி வைத்திருந்தார். அதில் அப்பா பேரும் இருந்தது. காலையில் அப்பா, "எனக்கு இன்னைக்குச் சாயங்கால ட்ரிப் மாத்தி விட்டுட்டாக" என்று சொல்லிக்கொண்டே யூனிஃபார்ம் மாட்டினார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மாத்தி விட்டாகளா, மாத்திக்கிட்டீகளா?" என்று கேட்டாள். அவர் செருப்பைத் தேடுவதாகக் குனிந்துகொண்டார்.

பீடத்துக்கு முன்னால் நீளமான பெஞ்சு போட்டிருந்தது. நான்கு கிழவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் மேல் உடையைக் கழற்றி வைத்தார். இடுப்பில் துண்டைக் கட்டினார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். உள்ளே போட்டிருந்த அங்கியின் முழுக்கையை, முதலில் வலது, பிறகு இடது, மடித்து மடித்து முழங்கைக்கு மேலே ஏற்றினார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கை இரண்டும் பளிச்சென்று தெரிந்தது. கோயிலுக்குள் பெண்கள் பக்கமிருந்து மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை. முழங்கால் போட்டு, முதல் கிழவரின் காலைத் தாம்பாளத்தில் எடுத்து வைத்தார்.

நான்கு பேர் முடிந்தது. எட்டு இடம் காலி. தண்ணீர்க் குடத்தோடு நின்ற உபதேசியார், முடிந்தது என்பது போலக் குடத்தைக் கீழே வைத்தார். சாமியார் எழுந்திருக்கவில்லை. முழங்காலிலேயே, காலியாக இருந்த ஐந்தாவது இடத்துக்கு முன்னால் நகர்ந்து, அங்கேயே இருந்தார்.

என் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

உபதேசியார் குனிந்து, "என்ன செய்றீக? பொம்பளைக உக்காரக் கூடாது" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு எடந்தான் இது. அவரு வரல, நான் வந்திருக்கேன்."

சாமியார் நிமிர்ந்து பார்த்தார். "முறையில்லம்மா" என்றார் மெதுவாக.

"எது சாமி முறை? எட்டுப் பேரு வராம இருந்ததா?"

அம்மா குரலை உயர்த்தவில்லை. முன் வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். சாமியார் தாம்பாளத்தை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். பிறகு அம்மாவின் வலது காலை, மெஷின் மிதித்துக் காய்த்துப்போன அந்தக் காலை, இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரில் வைத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். வேறு யாரும் வரவில்லை. ஊரே மனம் திருந்தியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

பாஸ்கு ஞாயிறு காலையில் எட்டுப் பிள்ளைகளில் மூன்று பேர் புதுநன்மைக்குப் போனோம். அப்பா வியாழக்கிழமை விஷயம் தெரிந்ததிலிருந்து அம்மாவிடம் பேசவில்லை. என்னைப் போகாதே என்றும் சொல்லவில்லை, கூட வரவும் இல்லை. அம்மா தைத்த வெள்ளைக் கவுன், தலையில் வலைத்துணி, கையில் மெழுகுதிரி. கிராதியில் முழங்கால் போட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவர் விரல் என் கீழுதட்டில் பட்டது. வேறு யார் விரல் பட்டாலும் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஆனால் அப்பத்தை விழுங்கும் முன்பே என் கை தானாக எழுந்து, வலைத்துணியின் ஓரத்தால் உதட்டைத் துடைத்தது.

கண்ணைத் திறந்தேன். அவர் இன்னும் அடுத்த பிள்ளைக்கு நகரவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கிணற்றடியில் அழகு என்று நினைத்த அதே பிள்ளை நான். ஒரு மாதத்துக்குள் ஊர் எனக்குத் துடைக்கக் கற்றுக்கொடுத்திருந்தது. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல எனக்குத் துணிவு வருவதற்குள் அவர் ஊரில் இல்லை. பிறகு வந்தவர்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை.

சித்திரையில் ஆயர் இல்லத்திலிருந்து வயதான குருவானவர் ஒருவர் விசாரிக்க வந்தார். உபதேசியார் மறுபடியும் ஆயருக்கு எழுதியிருந்த கடிதத்தில் இரண்டு புகார் இருந்தது. முதலாவது வியாதி. பெரிய டாக்டரின் சான்றிதழை வாசித்துவிட்டு, "இது ஒண்ணுமில்ல" என்று அவர் ஒதுக்கிவிட்டாராம். இரண்டாவது, பெரிய வியாழனில் ஒரு பெண்ணின் காலைக் கழுவியது. அதற்குத்தான் அம்மாவைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"யாரு உக்காரச் சொன்னது?"

"யாரும் சொல்லல சாமி. நானாத்தான்."

"அவரு வேண்டாம்னு சொன்னாரா?"

அம்மா பொய் சொல்லவில்லை. "சொன்னாரு. பொறகு செஞ்சாரு."

வைகாசியில் மாற்றல் வந்தது. வியாதிக்காக இல்லை, முறை மீறியதற்காக. இதைத்தான் அம்மா கடைசிவரை செரிக்கவில்லை. "நான் பேசாம எடத்துல இருந்திருந்தா அவரு இங்கயே இருந்திருப்பாரு" என்று, நானே நாற்பதைத் தாண்டிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொல்லாமல் இருந்திருந்தால் என்று நான் நினைப்பேன். இரண்டு பேரும் ஒரே பாரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தோம்.

போகும்போது சாமியார் அரைக்கைச் சட்டையும் வேட்டியும் கட்டியிருந்தார். அப்பாவின் பஸ்தான். டிரங்குப் பெட்டியை ஏற்ற ஆள் இருந்தும், அப்பாவே தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். இரவு வீட்டுக்கு வந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அம்மாவிடம் பேசினார். "சிங்கம்புணரி வரைக்கும் அவரு பக்கத்துல ஒருத்தரும் உக்காரல. நானும் உக்காரல" என்றார். அம்மா சோற்றைப் போட்டாள்.

முப்பது வருஷம் போனது. எனக்குக் கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்து, அப்பாவும் போய்ச் சேர்ந்தபிறகு ஒருநாள், சாமியார் மதுரைப் பக்கம் வயதான குருக்கள் தங்குகிற இல்லத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அம்மாவுக்கு அப்போது முட்டிவலி. "என்னைக் கூட்டிட்டுப் போ" என்று ஒரே பிடியாக நின்றாள்.

இல்லத்து முற்றத்தில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார், கைலியும் கைவைத்த பனியனுமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலையிலிருந்து பாதம்வரை ரோஜா கலந்த வெள்ளை, பஞ்சு மாதிரி முடி. நான் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் சாமியார் பேரைச் சொல்லி எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

அவர் பூவாளியைக் கீழே வைத்தார். "அங்குட்டு நிழலுக்கு வாங்கம்மா. தமிழ்லயே கேளுங்க."

எனக்கு இன்னும் புரியவில்லை. அம்மாதான் அழ ஆரம்பித்திருந்தாள். "எடது தோளு ஒரு விரக்கடை எறக்கம். நான் தச்ச தோளு எனக்குத் தெரியாதா சாமி" என்றாள்.

திட்டுத் திட்டாக இருந்தது வருஷத்துக்கு வருஷம் பரவி, தீவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பழைய நிறம் ஓர் இடத்தில்கூட மிஞ்சாமல் போயிருந்தது.

கல்பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அம்மா மன்னிப்புக் கேட்டாள். "உங்களால ஒண்ணும் போகலம்மா. அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் நான் வேர்க்காம இருந்தேன்" என்றார். நான் என் பங்குக்குச் சொல்ல வாயெடுத்தபோது, எங்கிருந்தோ வேனில் வந்திறங்கிய கூட்டத்திலிருந்து ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்தாள். அவருக்கு முன்னால் முழங்கால் போட்டு, பிள்ளையின் தலையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் கைவைத்து ஆசீர்வதித்தார். அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி உதடு பதித்து முத்தி செய்தாள். பிள்ளையின் வாயையும் அதில் ஒற்றினாள்.

"எந்தத் தேசத்துச் சாமி நீங்க?"

"சிங்கம்புணரிப் பக்கம்மா."

"வெளாடுறீக சாமி. தமிழு நல்லாப் பேசுறீக" என்று சொல்லி, இன்னொரு தடவை முத்தி செய்துவிட்டுப் போனாள்.

அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அங்கி கூட வேண்டியதில்லாமப் போச்சு பாருங்க" என்றார். அம்மா சிரிக்கவில்லை. நான் சொல்ல வந்ததை அன்றைக்கும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது திருப்பத்தூரில் அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்தப் புள்ள என்னத்த நெனச்சுச் செஞ்சாளோ. செஞ்சது அந்தக் கைக்குத்தானே. அது போதும்."

எனக்குப் போதும் என்று தோன்றவில்லை. அவளிடம் அதைச் சொல்லவுமில்லை. அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் காரைக்குடி வரும்வரை விழித்திருந்தேன். வேப்பமரத்தடியில் உங்கள் கடிதத்தை வாங்கியபோது, உதட்டைத் துடைத்த என் கைதான் எனக்குத் தெரிந்தது.